ஒட்சிசனுக்கு ஓர் எதுகை

அச்சகத்தில் நான் இருந்த கதிரையில் இப்போது றினோஸா இருக்கிறாள். சில மாதங்களுக்கு முன்னர் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னாள். எதுகை ஒன்றும் சரிவரவில்லையாம். போனிடம் கேட்டால் அது சொற்களை அள்ளிக் கொட்டுகிறதாம், ஆனால் அதில் ஒன்றையாவது கலியாண வீட்டில் வாசிக்க முடியாதாம்.

"நீங்க எப்பிடித் தேடினீங்க ராத்தா? கொஞ்சம் எழுதித் தாங்களன். இஞ்ச புதுசா வந்த புள்ளைகளுக்கும் குடுப்பன்" என்றாள்.

எழுதித் தருகிறேன் என்றேன். முதல் பக்கத்தைத் தொடங்கிய கிழமையே என் மகள் சுமையாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. பேனையை மூடி வைத்துவிட்டுப் போனேன். இப்போது எழுதும்போது அதையும் விட்டுவிட முடியவில்லை. முப்பது வருடத் தொழிலில் ஆகக் கடினமான சொல், நான் ஓய்வெடுத்த பிறகு, ஆஸ்பத்திரி வாசலில்தான் எனக்கு வந்து சேர்ந்தது. எழுத்து அங்குமிங்கும் தாவினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வேலை வாழ்த்துப்பா எழுதுவது. கல்முனைப் பக்கம் கலியாணம் என்றால் மாப்பிள்ளையின் கூட்டாளிமார் சேர்ந்து ஒரு வாழ்த்துப்பா அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வலீமா விருந்தில் ஒலிபெருக்கியில் வாசித்துக் கொடுப்பார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவருக்கும், பென்சன் எடுக்கிற பள்ளிக்கூட அதிபருக்கும் உண்டு. என்றாலும் கலியாணம்தான் பெரிய வேலை. நம்முடைய பக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்கிறவர். ஆகவே அந்தச் சட்டம் பெண் வீட்டுச் சுவரில்தான் தொங்கும். பெண்ணின் தாய் ஒவ்வொரு நாளும் கூட்டிப் பெருக்கும்போது அதைப் பார்ப்பாள். பொருத்தமில்லாத ஒரு சொல் விழுந்தால், அது வாசித்து முடிந்ததோடு போகாது, ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருந்த என்னைப் பிரதான வீதி அச்சகத்துக்குக் கூட்டிப் போனவர் என் மாமா. முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்றுதான் சொல்வார்கள். அவருக்குப் புரூப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. ஆனால் என்னை எடுத்ததற்குக் காரணம் வேறு. "பொண்வீட்டு உள்ளுக்குப் போய்க் கதைக்க ஆம்புளையால ஏலா. கதைக்காமக் கவி எழுதவும் ஏலா" என்றார். அவர் என்னிடம் கேட்ட நேர்முகக் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி குடிக்கும்வரை வாய் திறக்காமல் இருப்பாயா என்று கேட்டார். இருப்பேன் என்றேன். அடுத்த நாளே வரச் சொன்னார்.

முதல் வருடங்களில் எழுத்துக் கோர்க்கவும், மை துடைக்கவும், யாப்பின் கணக்குப் பார்க்கவும் படித்தேன். இந்தக் கட்டுரைக்குத் தேவையான கணக்கு ஒன்றுதான். தமிழ்க் கவியில் எதுகை வரியின் தலையில் இருக்கும். முதல் வரி 'கட்டில்' என்று தொடங்கினால் அடுத்த வரி 'பட்டு' என்றோ 'எட்டு' என்றோ தொடங்கலாம். இரண்டாம் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், முதல் எழுத்து இரண்டிலும் குறிலாகவோ இரண்டிலும் நெடிலாகவோ இருக்க வேண்டும். வாழ்த்துப்பாவில் முதற்சொல் அநேகமாகப் பெயர்தான். பிரச்சினையும் அங்கேதான். நம்முடைய பெயர்கள் அரபியில் இருந்து வந்தவை. ஸவும் ஷவும் ஹவும் ஜவும் நிறைந்தவை. தமிழ்ச் சொற்களிலோ அந்த எழுத்துகள் குறைவு. எங்கள் ஈய எழுத்துப் பெட்டியிலும் அவற்றுக்குச் சின்னச் சின்ன அறைகள்தான் இருந்தன. பெட்டியைச் செய்தவர் எங்கள் ஊர்க் கலியாணப் பட்டியலைப் பார்த்திருக்க மாட்டார். நோன்புப் பெருநாள் முடிந்து கலியாணங்கள் தொடங்கினால் ஸ முடிந்துவிடும். ஒரு வீட்டு அழைப்பிதழை அச்சடித்துப் பிரித்த பிறகுதான் அடுத்த வீட்டு ஸமீனாவைக் கோர்க்கலாம்.

ஹாஜியாருக்கு மூன்று பிடிவாதங்கள் இருந்தன. பேர் சரியாகத் தெரியாமல் ஒரு வரியும் எழுதக் கூடாது. "பேர் இல்லாமக் கவி இல்ல" என்பார். எதுகைக்காகப் பேரை வளைக்கவும் விடமாட்டார். இரண்டாவது, கலியாண வீட்டில் சொல்கிற வார்த்தைக்கு வானவர்களாகிய மலக்குமார் ஆமீன் சொல்லிவிடுவார்கள் என்று அவர் நம்பினார். ஆகவே நடக்கக் கூடாத ஒன்றை, இல்லை என்று சொல்வதற்காகக்கூட, கவியில் வைக்கக் கூடாது. 'துன்பம் வராது' என்று எழுதினால் துன்பத்தை எதற்குப் பந்தலுக்குள் கூட்டி வந்தாய் என்று கேட்பார்.

மூன்றாவதுதான் என்னைப் பல நாள் வியர்க்க வைத்தது. எழுதிய கவியை அவர் கண்ணால் பார்க்க மாட்டார். அச்சகத்தின் ஒரு முனையில் மெசின் 'டக் டக்' என்று ஓடிக்கொண்டிருக்கும். அவர் மெசினுக்குப் பக்கத்தில் நிற்பார். நான் மறுமுனையில் நின்று வாசிக்க வேண்டும். கத்தக் கூடாது. சாதாரணக் குரல். கேட்டால், "ம், கோர்" என்பார். கேட்காவிட்டால் தலையை ஆட்டிவிட்டு மெசினைப் பார்க்கத் திரும்பிவிடுவார். ஒரு நாள் எனக்குக் கோபம் வந்து, மெசினை நிற்பாட்டிவிட்டுக் கேளுங்களேன் என்றேன்.

"வலீமாவுல புரியாணிச் சகன் வாற நேரம் ஆரு புள்ள நிப்பாட்டுவா? பேரும் எதுகையும் சரியா இரிந்தா சத்தத்துக்கு மேலால காது பிடிச்சிக்கிடும்" என்றார்.

அது உண்மைதான். பொய்யான சொல்லை எவ்வளவு அழகாகக் கோர்த்தாலும் மெசின் அதைத் தின்றுவிடும். ஏன் என்று எனக்கு இன்றும் விளக்கத் தெரியாது.

முஷ்தாக் என்ற பெயர் வந்தபோது நான் கொஞ்சம் கைதேறியிருந்தேன். மாப்பிள்ளை வரிப்பத்தான்சேனை ஊரவர், வயல்காரர். கூட்டாளிமார் வந்து பெயரைச் சொல்லிவிட்டுப் போனதும் நான் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் இருந்து சொற்களைச் சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் எழுத்து ஷ். கஷ்டம். நஷ்டம். துஷ்டன். குஷ்டம். எழுத்துக் கோர்க்கிற சலீம் காக்கா சிரித்துச் சிரித்து ஈயத் துண்டைத் தவறவிட்டார். "இந்த மாப்புளைக்குக் கவி வேணாம் புள்ள, மருந்து எழுதிக் குடு" என்றார். மிஞ்சியது புஷ்பம். அந்த மாதம் மூன்று வாழ்த்துப்பாக்களில் ஏற்கெனவே புஷ்பம் பூத்திருந்தது. நஷ்டத்தை நினைக்கவே முடியாது. அந்த வீடு இரண்டு போகம் வெள்ளத்தில் இழந்த வீடு.

ஹாஜியார் வழக்கம்போல, "இஞ்ச இரிந்து ஏன் பெட்டியக் கிண்டுறாய்? அங்க போ" என்றார்.

போனேன். மாப்பிள்ளையின் உம்மா தேத்தண்ணி தந்தார். குடிக்கும்வரை வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் தாங்காமல் அவர்தான் மகனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். படிப்பில் மந்தம், பேச்சும் குறைவு. ஆனால் விதைப்பில் அவனுக்கு நிகர் இல்லையாம். பக்கத்து வயல்காரர்களும் விதைக்க அவனைத்தான் கூப்பிடுவார்களாம்.

"கைய விரிச்சா ஒரு நெல்லுக் கூடவும் விழா, குறையவும் விழா. வாப்பாட கை அப்பிடியே" என்று தன் கையை மூடி, விரித்துக் காட்டினார்.

மூடிய அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது சொல் வந்தது. முஷ்டி.

முஷ்தாக் விதைக்கும் வயலெல்லாம்
முஷ்டி திறந்தாற் பொன்விளையும்

மறுநாள் மெசினுக்கு மேலால் வாசித்தேன். முஷ்டி என்றால் குத்துச்சண்டைதானே என்று சலீம் காக்கா தடை சொன்னார். ஹாஜியார், "திறந்தாற் எண்டு சொல்லிட்டாளே. திறந்த கையால ஆரு குத்துற?" என்று கேட்டுவிட்டு, "ம், கோர்" என்றார்.

றினோஸா, உனக்கு நான் சொல்லக்கூடிய முறை இதுதான். போன் தருகிற சொற்களில் குற்றம் இல்லை. முஷ்டி என்ற சொல்லை அதுவும் தந்திருக்கும். எந்தச் சொல் அந்த வீட்டுக்குரியது என்பது வீட்டுக்குப் போனால்தான் தெரியும்.

அடுத்ததாக, சாய்ந்தமருதில் ஒரு வீடு. என் வேலையில் நான் ஆக அதிகம் பயந்த வீடு அது.

பெண்ணின் வாப்பா உவைஸ் மீனவர். மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. தோணியும் வரவில்லை, மையித்தும் கரையொதுங்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் அவர் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்று கேள்விப்பட்டேன். இப்போது மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் வழக்கப்படி 'மர்ஹூம் உவைஸின் மகள்' என்று போடச் சொன்னார்கள். மௌத்தானவரின், அதாவது இறந்தவரின், பெயருக்கு முன்னால் மர்ஹூம் போடுவதுதான் முறை. பெண்ணின் உம்மா அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்றுவிட்டார். அழைப்பிதழிலேயே இரண்டு வீட்டுக்கும் இழுபறி. வாழ்த்துப்பாவாவது ஒழுங்காக நடக்கட்டும் என்று மாப்பிள்ளையின் கூட்டாளிமார் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு சொல் பிழைத்தால் கலியாணமே குழம்பும் நிலை.

எனக்கு வழி லேசாகத் தெரிந்தது. நடக்கக் கூடாததைக் கவியில் வைக்காதே என்பதுதானே ஹாஜியாரின் சட்டம்? வாப்பாவின் பெயரே இல்லாமல் எழுதினேன். பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், தென்றல், தேன், எல்லாம் இருந்தது. மெசினுக்கு மறுமுனையில் நின்று வாசித்தேன். ஹாஜியார் தலையை ஆட்டினார்.

"வாப்பா இல்லாமயா அந்தப் புள்ள பொறந்த?" என்றார்.

அந்த வீட்டில் அந்தப் பெயர் பயம் என்றேன். அவர் மெசினின் மைத்தட்டைத் துடைத்தபடியே சொன்னார்.

"பயப்படுற சொல்ல ஒளிச்சு வைச்சா அது ஊட்டுக்குள்ளயே கிடக்கும் புள்ள. வெளிய எடு. ஆனா தனிய உடாத. பக்கத்துல ஒரு நல்ல சொல்ல இருத்து. எதுகை எண்டுறது வேற என்னத்துக்கு?"

அதுவரை எதுகையை நான் ஓர் அழகு என்றுதான் நினைத்திருந்தேன்.

திரும்பவும் அந்த வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி ஆறிவிட்டது. பிறகு பெண்ணின் உம்மா, நான் கேட்காமலே, மர்ஹூம் என்ற சொல்லை ஏன் வேண்டாம் என்றார் என்பதைச் சொன்னார்.

"அவர் மவுத்து எண்டா நான் இத்தா இருந்திரிக்கணும். நான் இருக்கல்ல. வெள்ளை உடுக்கல்ல. அவர் வரல்ல, அவ்வளவுதான். வரல்ல எண்டுறதுக்கு ஒங்கட அச்சுக்கூடத்துல ஒரு சொல் இரிக்கா?"

கணவனை இழந்த பெண் வெளியே வராமல் இருக்கும் காலம்தான் இத்தா. இத்தனை வருடமாக அவர் அதைத் தொடங்கவே இல்லை. இருக்கிறார் என்றும் எழுத முடியாது, இல்லை என்றும் எழுத முடியாது. நான் எழும்பும்போது அவர் இன்னொன்றையும் சொன்னார். கலியாணப் பந்தலில் ஆட்கள் நிறைந்திருப்பதைக் காணக் கணவருக்கு ஆசையாம். அவர் இருந்தால் முன் வரிசையில் காலை நீட்டிக்கொண்டு இருந்திருப்பாராம். "மரியாத தெரியா மனிசன்" என்று சிரித்தார். அந்த வீட்டில் நான் கண்ட முதல் சிரிப்பு அது.

உவைஸ். இரண்டாம் எழுத்து வை. சுவை, எவை என்று ஏற்கெனவே பார்த்திருந்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு இன்னொரு சொல் வந்தது. அவை.

உவைஸின் மகளை வாழ்த்துகின்ற
அவையில் அவருக் கிடமுண்டு

இதை வாசித்தபோது ஹாஜியார், "ம்" சொல்லவில்லை. கையை நீட்டி மெசினை நிற்பாட்டினார். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு கவிக்காக அவர் மெசினை நிற்பாட்டியது அன்றுதான். அச்சகம் முழுவதும் அமைதியாகிவிட்டது. வீதியில் ஓர் ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. "இன்னொருக்கா வாசி" என்றார்.

வலீமா அன்று நான் பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் இருந்தேன். மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவர் வாசித்தார். சகன் தட்டுகள் வருகிற நேரம்தான். சட்டிச் சத்தம், பிள்ளைகளின் சத்தம். ஆனால் அந்த வரி வந்தபோது, முன் வரிசையில் இருந்த, உவைஸுடன் பிறந்த மூத்த காக்கா எழும்பி, பக்கத்துக் கதிரைக்கு மாறி இருந்தார். அவர் இருந்த கதிரை வெறுமையாகக் கிடந்தது. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசிவரை அதில் ஒருவரும் உட்காரவும் இல்லை. திரையின் இடுக்கால் பெண்ணின் உம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அதற்குப் பிறகு மர்ஹூம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

பிறகு காலம் மாறியது. மெசின் போய்க் கணினி வந்தது. ஸவுக்கும் ஹவுக்கும் தட்டுப்பாடு நீங்கியது. ஹாஜியார் மௌத்தானார், அவருடைய மகன் பொறுப்பெடுத்தார். இப்போது வாழ்த்துப்பாவுக்கு இசை போட்டு, பாடவைத்து, போனுக்கு அனுப்புகிறார்கள். முன்னைவிட வேலை கூடத்தான். மெசின் இல்லாததால் நான் வாசிக்கும்போது றினோஸா மின்விசிறியை முழு வேகத்தில் விட்டுவிட்டுக் கேட்பாள். ஓய்வெடுத்தபோது எனக்கு வருத்தம் பெரிதாக இருக்கவில்லை. சுமையாவுக்கு நெடுநாள் கழித்துப் பிள்ளை தரித்திருந்தது. அவளுடன் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

சுமையா எங்களுக்கு ஒரே பிள்ளை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு அச்சகத்துக்கு வந்து, நான் முடிக்கும்வரை காகிதக் கட்டின் மேல் ஏறி இருப்பாள். அவளுடைய வாப்பா மௌத்தான பிறகு நானும் அவளும்தான். பிறகு மருமகன் தஸ்லீம் வந்து எங்கள் வீட்டு ஆளானார்.

எட்டாம் மாதத்தில் அவளுக்குப் பிரஷர் ஏறியது. கால் வீங்கியது. தலை வெடிக்கிறது உம்மா என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் அவசரமாக ஒப்பரேஷன் செய்தார்கள். பெண் பிள்ளை, சின்ன உடம்பு, ஆனால் சுகம். தஸ்லீமின் தங்கை பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிள்ளையைப் பெற்ற என் பிள்ளைக்குத்தான் வலிப்பு வந்தது. பிறகு நுரையீரலில் நீர் கோர்த்துவிட்டது என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கதவு என் முகத்துக்கு முன்னால் மூடியது.

வாசலில் உட்கார ஒரு வாங்கு இருந்தது. அதில் இருந்தேன். தம்பிலுவிலைச் சேர்ந்த ஒரு தாதி, முகத்தில் இரக்கம் உள்ளவள், வெளியே வந்து சொன்னாள்: "ஒட்சிசன் இன்னும் ஏறல்ல அம்மா. கூட்டி விட்டிருக்கம். பாப்பம்."

ஒட்சிசன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த சொல். மகள் கதவுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறாள். என் தலையோ நான் கேட்காமலே எதுகை தேடப் போய்விட்டது. முப்பது வருடப் பழக்கம். புதுச் சொல் காதில் விழுந்ததும் தானாக நடக்கிறது. இரண்டாம் எழுத்து ட். விட்டு. கெட்டு. முட்டு. மூச்சு முட்டு. முஷ்தாக்குக்கு வந்த சொற்களுக்காவது சலீம் காக்கா சிரித்தார். இவை ஒவ்வொன்றும் நெஞ்சில் கல்லாக வந்து விழுந்தன. வாயைப் பொத்திக்கொண்டேன், ஒன்று வெளியே வந்து மலக்குமாருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று. தஸ்லீம் பக்கத்தில் வந்து, "மாமி, தண்ணியாவது குடிங்க" என்றார்.

அப்போது வேறொரு பிரச்சினையும் இருந்தது. பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டும். ஏழாம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தஸ்லீமின் குடும்பத்தார் ஒரு பெயரைச் சொல்லி, வைத்துவிடுவோம், பிறகு தாய்க்குச் சொல்லலாம் என்றார்கள். தஸ்லீம் என் முகத்தைப் பார்த்தார். சுமையா ஒரு பெயரை நினைத்து வைத்திருந்தாள். பிறந்த பிறகுதான் சொல்வேன் என்று இருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள். அவள் இல்லாமல் பெயர் வைத்தால், அவள் வரமாட்டாள் என்று நாங்களே ஒப்புக்கொண்டதுபோல எனக்குப் பட்டது. "அவள் வந்து வைக்கட்டும்" என்றேன். சாய்ந்தமருது வீட்டு உம்மா எனக்கு அப்போதுதான் சரியாக விளங்கினார்.

ஒரு நாளைக்கு ஒரு தடவை உள்ளே விடுவார்கள். முகமூடியும் மேலங்கியும் போட்டுக்கொண்டு போனேன். மகளின் முகத்தில் குழாய், பக்கத்தில் மெசின்கள். ஒன்று இரைகிறது, ஒன்று கீச்சிடுகிறது. முதல் நாள் நான் வாய் திறக்கவே இல்லை. அவள் காலைத் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த தடவை தாதி, "கதைங்க அம்மா. கண்ணத் திறக்காட்டியும் கேக்கும்" என்றாள்.

என்ன கதைப்பது? கண்ணைத் திற என்றால் குரல் உடைந்துவிடும். பயப்படாதே என்றால் பயத்தைக் கூட்டி வந்ததாகிவிடும். மெசினின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பழைய அச்சகமும் மைத்தட்டைத் துடைக்கிற கையும் நினைவுக்கு வந்தன. தனிய உடாத என்ற குரலும். ஒட்சிசன் என்ற சொல் இத்தனை நாளும் எனக்குள் தனியாகத்தான் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இருத்த எனக்கு ஒரு சொல் வேண்டும். நல்ல சொல், எங்கள் வீட்டுச் சொல். வீட்டில் தஸ்லீம் கூரை வளையில் கயிறு கட்டி, சேலை போட்டு வைத்திருந்தது கண்ணுக்குள் வந்தது. சொல்லும் வந்தது. தொட்டில். அது வந்தவுடன், நான் ஆகப் பயந்த 'விட்டு' என்ற சொல்லும் தானாக வந்து நல்ல இடத்தில் குந்திக்கொண்டது.

மெசினுக்கு மறுபக்கம் நின்று, கத்தாமல், சாதாரணக் குரலில் சொன்னேன்.

ஒட்சிசன் குழலை விட்டுவிட்டுத்
தொட்டிலை ஆட்ட வாமகளே

ஒன்றும் நடக்கவில்லை. மெசின் இரைந்தது. மகளின் கண் மூடியபடியே இருந்தது. நேரம் முடிந்தது என்று தாதி தொட்டாள். அடுத்த தடவையும் அதையே சொன்னேன். அதற்கடுத்த தடவையும். வேறு எதையும் நான் கதைக்கவில்லை. வேறு எதையும் கதைக்க எனக்குத் தெரியவில்லை.

கவி சுகமாக்கியது என்று நான் எழுத மாட்டேன். மருந்து வேலை செய்தது. டொக்டர்மார் கண்விழித்துப் பார்த்தார்கள். அல்லாஹ் நாடினான். நீர் வற்றத் தொடங்கியது என்றார்கள். பெரிய குழாயை எடுத்துவிட்டு மூக்குக்குச் சின்னக் குழாய் வைத்தார்கள். அன்று நான் உள்ளே போனபோது சுமையா கண்ணைத் திறந்திருந்தாள். வாய் காய்ந்து, குரல் அடைத்து, காற்றுத்தான் வந்தது. நான் குனிந்தேன்.

"உம்மா."

"ஓம் மகள்."

"தொட்டில ஆட்ட எண்டு சொல்றீங்க." மூச்சு வாங்கினாள். "ஆர்ர தொட்டில? பேர் எங்க?"

அவள் உதட்டை நனைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"பேர் இல்லாமக் கவியா? ஹாஜியார் இரிந்தா கோர்க்க உட்டிருப்பாரா?"

அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. முகமூடிக்குள் எல்லாம் நனைந்துவிட்டது. இன்னும் பேர் வைக்கவில்லை மகள், நீதான் சொல்லவில்லையே என்றேன்.

"றிழா" என்றாள்.

மனநிறைவு என்று பொருள். தாதி வந்து மெசினின் திரையைப் பார்த்தாள், மகளின் விரலைப் பார்த்தாள். மூக்குக் குழாயைக் கழற்றிப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. பிறகு, "இனி இது தேவல்ல" என்று கையை நீட்டி மெசினை நிற்பாட்டினாள்.

அந்த அமைதியில் என் பிள்ளை மூச்சு விடுவது கேட்டது.

வெளியே வந்து தஸ்லீமிடம் பெயரைச் சொன்னேன். அவர் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் ஓடினார். நான் வாங்கில் இருந்தேன். றிழா, இரண்டாம் எழுத்து ழா, ழகர இனம் எதுவும் சேரும். விழா, நிழல், மழலை, கிழக்கு. சொற்கள் தள்ளாடாமல் வந்தன. ஒன்றுக்காவது வாயைப் பொத்த வேண்டியிருக்கவில்லை.

இப்போது எல்லாரும் வீட்டில் இருக்கிறோம். பயம் எனக்கு முற்றாகப் போய்விடவில்லை. சுமையா பகலில் கண்ணயர்ந்தால் பக்கத்தில் போய் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். அவளுக்கு அது தெரியும். கண்ணைத் திறக்காமலே, "இரிக்கன் உம்மா" என்கிறாள்.

தொட்டிலை அவள்தான் ஆட்டுகிறாள். ஆட்டும்போது அந்த இரண்டு வரியையும் பாடுகிறாள். போன வெள்ளிக்கிழமை பிள்ளை பார்க்க வந்த பக்கத்து வீட்டு மாமி அதைக் கேட்டு முகம் சுளித்தார். தாலாட்டுக்குள் இந்த ஆஸ்பத்திரிச் சொல் எதற்கு, சுகமாகி வந்த பிறகு அதை எடுத்துவிட்டு ஒரு நல்ல சொல்லாகப் போடும்படி எனக்குச் சொன்னார். ஹாஜியாரின் பழைய சட்டத்தின்படி அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் வேறு சொல் இருக்கிறதா என்று யோசிக்கத் தொடங்கினேன்.

சுமையா கயிற்றை விடவில்லை.

"அது கிடக்கட்டும் மாமி" என்றாள். "இப்ப அது எங்கட ஊட்டுச் சொல்."